கற்பனைப் பேட்டி: அடிமை முறைக் காலத்து மனிதர் எதிரில் வந்து உட்கார்ந்தால் யாரை, என்ன கேட்பீர்கள்?

வரலாறு டீச்சர் எழுதியது:

எங்கள் பள்ளி வரலாற்று மன்றத்தின் சுவர்ப் பத்திரிகையில் இந்த மாதம் 'கற்பனைப் பேட்டி' என்று ஒரு பக்கம். அமெரிக்காவில் அடிமை முறை இருந்த காலத்து மனிதர் யாரையாவது தேர்ந்தெடுத்து, நேரில் பார்த்துப் பேசியதுபோல் எழுதி வரச் சொல்லியிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். வந்த தாள்களில் முக்கால்வாசி ஆபிரகாம் லிங்கன். எல்லா லிங்கன்களும் ஒரே குரலில் பேசுகிறார்கள்: "அடிமைத்தனம் மனித குலத்துக்கே இழுக்கு, அதை ஒழிப்பதே என் பிறவிப் பயன்." கேள்வி கேட்கும் மாணவனும் "பொன்னான நேரத்தை ஒதுக்கியதற்கு நன்றி ஐயா" என்று எழுந்துவிடுகிறான். சுதந்திர தினப் பேச்சுப் போட்டிக்கு அப்படியே அனுப்பலாம்.

ஒரு மாணவி மட்டும் பெயரில்லாத சமையற்காரப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொண்டு, "இன்று பெரிய வீட்டில் என்ன சமையல்? அதில் உங்களுக்கு என்ன கிடைத்தது? நீங்கள் அடுப்படியில் இருந்தபோது உங்கள் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்?" என்று எழுதிவிட்டு, பதிலுக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாள். கேட்டால், "அவர் என்ன சொல்வார் என்று எனக்கு எப்படித் தெரியும் டீச்சர்?" என்கிறாள். மதிப்பெண் போடுவதா, திருப்பிக் கொடுப்பதா?

இங்கே படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நீங்களாக இருந்தால் யாரைக் கேட்பீர்கள், எதைக் கேட்பீர்கள்?

தேரிக்காட்டான் எழுதியது:

லிங்கனையே வைத்துக்கொள்ளுங்கள் டீச்சர், மாலை போடாமல் கேட்கச் சொல்லுங்கள். 1858 செப்டம்பரில் இல்லினாய் மாநிலத்துச் சார்ல்ஸ்டன் ஊரில் தேர்தல் மேடையேறி, வெள்ளையரும் கறுப்பரும் அரசியலிலும் சமூகத்திலும் சமமாவதைத் தான் ஆதரிக்கவில்லை என்று பேசியவர் இதே லிங்கன்தான். 1862 ஆகஸ்டில் பத்திரிகை ஆசிரியர் ஹோரஸ் கிரீலிக்கு எழுதிய கடிதத்தில், ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் நாட்டைக் காப்பாற்ற முடியுமானால் அப்படியே செய்வேன் என்கிறார். எல்லோரையும் விடுவித்தால்தான் முடியும் என்றால் அதையும் செய்வேன் என்கிறார். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடிதத்தை எழுதுவதற்கு ஒரு மாதம் முன்பே விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அமைச்சரவைக்குப் படித்துக் காட்டிவிட்டார். "வரைவைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு ஏன் ஐயா அப்படி எழுதினீர்கள்?" என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தால் கைதட்டியிருப்பேன்.

இன்னொன்று. 1863 ஜனவரி 1 பிரகடனம், உள்நாட்டுப் போரில் கிளர்ச்சி செய்த தெற்குப் பகுதிகளுக்கு மட்டும். அடிமை முறை இருந்தும் வடக்கோடு நின்ற கென்டக்கியில் அடிமையாக இருந்த ஒரு தாய் அவரைப் பேட்டி எடுத்தால் எப்படி இருக்கும்?

கணக்குப்பிள்ளை எழுதியது:

லிங்கனைக் கறாராகக் கேள்வி கேட்டவர் ஒருவர் உண்டு, கற்பனை தேவையில்லை. பிரடெரிக் டக்ளஸ், 1863 ஆகஸ்ட் 10, வெள்ளை மாளிகை. 25 ஆண்டுகளுக்கு முன், அடிமையாக இருந்த மேரிலாந்திலிருந்து மாலுமி வேடத்தில், இன்னொருவரின் காகிதங்களைக் கடன் வாங்கி ரயிலேறித் தப்பி வந்த மனிதர், முன் அனுமதி இல்லாமல் போய்ச் சீட்டு அனுப்பிவிட்டு உட்கார்ந்தார். உடனே கூப்பிட்டுவிட்டார்கள்.

அவர் பேசியது சம்பளக் கணக்கு. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்புச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் உடுப்புக்கென்று 3 டாலர் பிடித்தம். ஆக 7. ஒரே போர், ஒரே குண்டு. பிடிபட்ட கறுப்புச் சிப்பாய்களைத் தெற்குப் படை கொன்றாலோ விற்றாலோ என்ன செய்வீர்கள் என்பது அடுத்த கேள்வி. பதவி உயர்வு அதற்கடுத்தது. லிங்கனின் பதில், கறுப்பரைப் படையில் சேர்ப்பதே பலருக்குக் கசக்கிறது, அதற்காகச் செய்த விட்டுக்கொடுப்பு இது, போகப் போகச் சரியாகும் என்பதுதான். 1864 ஜூனில் சட்டம் வந்து சம்பளம் சமமானது. டக்ளஸ் முழுத் திருப்தியோடு திரும்பவில்லை, ஆனால் அந்த மனிதர் தன்னிடம் பூசி மெழுகாமல் பேசினார் என்று எழுதியிருக்கிறார்.

7 டாலர், 13 டாலர் என்று கேட்டால்தான் எதிரில் இருப்பவர் மேடைப் பேச்சிலிருந்து இறங்கி வருவார்.

நூலகத்து எலி எழுதியது:

யாரைக் கேட்பது, எதைக் கேட்பது என்று பேசுகிறோம். யார் கேட்பது என்பதையும் பார்க்க வேண்டும். இதற்கு அசல் சாட்சி இருக்கிறது, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

1936 முதல் 1938 வரை, பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வேலையில்லாத எழுத்தாளர்களுக்கு அமெரிக்க அரசு ஒரு வேலை கொடுத்தது. அடிமையாகப் பிறந்து இன்னும் உயிரோடு இருப்பவர்களைத் தேடிப் போய்ப் பேட்டி எடுக்க வேண்டும். 17 மாநிலங்களில் 2,300க்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்தார்கள். தட்டச்சுத் தாள்கள் இன்றும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன, இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

பேட்டி எடுத்தவர்களில் பெரும்பாலோர் தெற்கத்திய வெள்ளையர். சிலர், அதே ஊரின் பழைய எசமான் குடும்பங்களுக்கு வேண்டியவர்கள். பேட்டி கொடுத்தவர்கள் 80 வயது தாண்டிய ஏழைகள், தனியாக வாடகைக் குடிசையில் இருப்பவர்கள். வாசலில் காகிதமும் பேனாவுமாக ஒரு வெள்ளைக்காரி வந்து நின்றால், நிவாரண அலுவலகத்து ஆள் என்றோ முதியோர் பென்ஷன் கொண்டு வந்திருக்கிறாள் என்றோ நினைத்துக்கொண்டார்கள். அந்த நினைப்பில் யார் எசமானைக் குறை சொல்வார்கள்?

தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டனில் சூசன் ஹாம்லின் என்று ஒரு மூதாட்டி, நூறு வயதைக் கடந்தவர் என்று சொல்லப்பட்டவர். அவரை இரண்டு பேர் தனித்தனியே பேட்டி எடுத்தார்கள். ஒருவர் ஜெஸ்ஸி பட்லர் என்ற வெள்ளைப் பெண். நிவாரண அலுவலகத்திலிருந்து வந்தவர் என்று சூசன் எண்ணிக்கொண்டார், பட்லரும் அதைத் திருத்தவில்லை. "எசமான் நல்லவர்தானே?" என்ற தொனியில் கேள்விகள். நல்லவர், வீட்டுக்காரம்மாவின் மனிதர்களும் பெரிய மனிதர்கள் என்று பதில்கள்.

இன்னொருவர் அகஸ்டஸ் லாட்சன், இவர் கறுப்பர். அவரிடம் அதே மூதாட்டி சாட்டையடியைப் பற்றிப் பேசுகிறார். பிள்ளைகளைப் பிரித்து விற்றதைப் பேசுகிறார். ஒரு ஜோடிக்கு இரவு கல்யாணம் நடக்கிறது, மறுநாள் காலையில் எசமான் மணப்பெண்ணை விற்றுவிடுகிறார், பெண்ணின் தாய் தெருவில் இறங்கி அந்த வீட்டு எசமானியம்மாளை வாய்க்கு வந்தபடி சபிக்கிறாள்.

இரண்டு பேட்டியும் ஒரே தொகுதியில் இருக்கின்றன. ஒரு பாட்டி, இரண்டு வாய். டீச்சர், உங்கள் பிள்ளைகளுக்கு இந்த இரண்டையும் அடுத்தடுத்து படித்துக் காட்டுங்கள்.

வாய்க்கால் கரை எழுதியது:

அப்படியானால் அந்த 2,300 பேட்டிகளையும் குப்பையில் போட்டுவிடலாமா? ஒன்று வெள்ளையர் கேட்டதால் பொய், இல்லாவிட்டால் நினைவு மங்கியதால் பொய். "அந்தக் காலமே மேல், வயிறார சாப்பாடாவது கிடைத்தது" என்று சொன்னவர்கள் ஏராளம் என்று படித்திருக்கிறேன். அதை மட்டும் நம்ப மாட்டோம், நமக்குப் பிடித்ததை நம்புவோம் என்பது என்ன நியாயம்?

நூலகத்து எலி எழுதியது:

யாரும் குப்பையில் போடச் சொல்லவில்லை ஐயா. பட்லரின் தாளையும் நான் நம்புகிறேன். 1930களின் சார்ல்ஸ்டனில் ஒரு கறுப்பின மூதாட்டி ஒரு வெள்ளைப் பெண்ணிடம் எவ்வளவு பேசலாம் என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது.

"வயிறார சாப்பாடு" என்று சொன்ன வருடத்தைப் பாருங்கள். ஊரே வேலையில்லாமல் பட்டினி கிடந்த வருடங்கள். இன்றைய பசியை வைத்து அன்றைய சோற்றை நினைக்கிறார்கள். அதோடு, போர் முடிந்தபோது அவர்களில் பலர் பத்து வயது நிரம்பாதவர்கள். வயலில் முதுகு ஒடிந்தது அவர்களின் பெற்றோருக்கு.

குரலாகவே கேட்க வேண்டுமானால், அடிமையாகப் பிறந்த ஃபவுன்டன் ஹியூஸ் இருக்கிறார். 1949-ல் பால்டிமோரில் எடுத்த ஒலிப்பதிவு. தன் தாத்தா, அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சனுக்குச் சொந்தமாக இருந்தவர் என்கிறார். கடன் வாங்காதே, கையில் காசு இருந்தால் மட்டும் பொருள் வாங்கு என்று நம் வீட்டுத் தாத்தாக்கள் மாதிரி அறிவுரை சொல்லிக்கொண்டே போகிறார். பேட்டி எடுப்பவர் கேட்கிறார், எந்தக் காலம் பிடிக்கும் என்று. மறுபடி அடிமையாக வேண்டுமென்றால் துப்பாக்கியை எடுத்து அப்போதே முடித்துக்கொள்வேன், அங்கே நீ ஒரு நாய், அவ்வளவுதான் என்கிறார். விடுதலை வந்ததும் மாடுகளைப் போலத் திறந்து துரத்திவிட்டார்கள், போக இடமில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்கிறார். உங்கள் "சாப்பாடாவது கிடைத்தது" ஆட்களுக்கும் அவருக்கும் தெரிந்த விஷயம் ஒன்றுதான். ஒருவர் பாதியைச் சொன்னார், இவர் முழுதாகச் சொல்லிவிட்டார்.

காலைக்கதிரவன் எழுதியது:

அடிமையாக இருந்து தப்பி, பிறகு மற்றவர்களையும் தப்ப வைத்த ஹாரியட் டப்மனை நான் தேர்ந்தெடுப்பேன். "ஆயிரம் அடிமைகளை விடுவித்தேன், தாங்கள் அடிமைகள் என்று தெரிந்திருந்தால் இன்னும் ஆயிரம் பேரை விடுவித்திருப்பேன்" என்று அவர் சொன்னது வாட்ஸ்அப்பில் வந்தது. மெய்சிலிர்த்தது. அதை ஒட்டியே பேட்டி எழுதலாமே?

கணக்குப்பிள்ளை எழுதியது:

அதை ஒட்டி மட்டும் எழுதிவிடாதீர்கள் தம்பி. டப்மன் வாழ்ந்த காலத்து எந்த ஏட்டிலும் அந்த வாசகம் இல்லை. யாரோ பிற்காலத்தில் அவர் வாயில் வைத்தது. யோசித்துப் பார்த்தாலே உதைக்கும். முதுகில் தழும்பு உள்ளவனுக்குத் தான் அடிமை என்று தெரியாதாம்! பழியை அடிமையின் தலையிலேயே போடும் வாசகம் அது, அதனால்தான் மேடைகளில் இவ்வளவு விலை போகிறது.

கணக்கும் ஆயிரம் இல்லை. மேரிலாந்துக்குச் சுமார் 13 முறை திரும்பிப் போய் ஏறக்குறைய 70 பேரைக் கூட்டி வந்தார், அதில் பெரும்பகுதி சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள். 1863-ல் காம்பாகி ஆற்றில் படையோடு போய் 700க்கும் மேற்பட்டவர்களை மீட்டது தனிக் கதை. அந்தப் பெண்மணிக்கு ஆயிரம் என்ற பொய்க் கணக்கு எதற்கு?

அவருடைய உண்மையான பேட்டி 1855-ல் கனடாவின் செயின்ட் கேதரின்ஸ் ஊரில் எடுக்கப்பட்டது. பெஞ்சமின் ட்ரூ என்ற பாஸ்டன்காரர், தப்பி வந்தவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதியது. டப்மன் பேசியது ஒரு பத்திதான். கவனிப்பாரில்லாத களைபோல வளர்ந்தேன், சுதந்திரம் என்றால் என்னவென்று தெரியாது என்கிறார். தன் அக்காமார் இருவரைச் சங்கிலியில் கோத்துக் கூட்டிப் போனதைப் பார்த்ததாகச் சொல்கிறார், அதில் ஒருத்தி இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனாள். எசமானின் பிடியை விட்டு வெளியே வந்தபின், வேற்று நாட்டில், அடிமை முறைக்கு எதிரான ஆளிடம் பேசியது. எலி அண்ணன் சொன்ன "யார் கேட்பது" இங்கே வேறு மாதிரி வேலை செய்கிறது.

பழவேற்காட்டுக் கரை எழுதியது:

எல்லோரும் அமெரிக்காவையே சுற்றுகிறீர்கள். நான் கேட்க நினைப்பது எங்கள் கரையிலிருந்து போன ஒருத்தியை. டச்சு ஆவணங்களில் அவள் பெயர் 'பழவேற்காட்டுக் கத்தரீனா'. 17ஆம் நூற்றாண்டில் பழவேற்காடு டச்சுக் கம்பெனியின் சோழமண்டலக் கரைத் தலைமையிடம், கெல்ட்ரியா கோட்டை இருந்த இடம். இங்கிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பஞ்ச காலங்களில் ஆட்களை விலைக்கு வாங்கி இலங்கைக்கும் படேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) ஏற்றினார்கள். கத்தரீனா படேவியாவில் அடிமை. தன்னைத் தாக்கிய காதலனைக் கொன்றாள் என்று 1656-ல் மரண தண்டனை விதித்தார்கள், பிறகு அது நாடுகடத்தலாகி 1657-ல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு வந்து சேர்ந்தாள். அங்கே பிறந்த அவள் மகனின் வழியில் வந்தவர்கள்தான் ஸ்னைமன் குடும்பத்தினர், வெள்ளையராகவே அறியப்பட்ட பெரிய ஆப்பிரிகானர் குடும்பம்.

அவளைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் நீதிமன்றம் கேட்டதுதான். குற்றம் நடந்ததா, எப்படி அடித்தாய் என்று கேட்ட அதிகாரி, எந்தத் தெருவில் பிறந்தாய், யார் உன்னை விற்றார்கள் என்று கேட்க வேண்டிய அவசியம் என்ன? எனக்கு அந்த இரண்டும் போதும். கூடவே, கத்தரீனா என்று ஞானஸ்நானப் பெயர் வைப்பதற்கு முன் உன் அம்மா உன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்று.

தேரிக்காட்டான் எழுதியது:

இங்கேயும் வயல் அடிமைகள் இருந்தார்கள், நிலத்தோடு சேர்த்து ஆளையும் எழுதிக் கொடுத்த ஓலைகள் இருக்கின்றன, 1843 சட்டம் வரை நீதிமன்றமே அதை ஏற்றது. நந்தனார் தில்லைக்குப் போக யாரிடம் அனுமதி கேட்டார்? அதையும் பேசுவோமா?

மட்டுறுத்துநர் எழுதியது:

பேசலாம், தனி இழையில். அந்தத் தலைப்பில் சென்ற முறை நடந்த சண்டை எல்லோருக்கும் நினைவிருக்கும். இங்கே டீச்சரின் கேள்வியோடு நிற்கவும்.

ஓய்வுபெற்ற நிருபர் எழுதியது:

வாழ்நாள் முழுக்கப் பேட்டி எடுத்தே சோறு தின்றவன் என்ற முறையில் ஒரு ஆளைச் சொல்கிறேன். பேட்டி கொடுத்தவர் இல்லை, எடுத்தவர். வில்லியம் ஸ்டில்.

பிலடெல்பியாவில் அடிமை ஒழிப்புச் சங்க அலுவலகத்தில் குமாஸ்தா. சுதந்திர மனிதராகப் பிறந்த கறுப்பர், அவருடைய பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். தெற்கிலிருந்து தப்பி வருபவர்கள் அவர் மேசைக்கு வருவார்கள். அவர் கேட்ட கேள்விகளைப் பாருங்கள்: பழைய பெயர் என்ன, இனி வைத்துக்கொள்ளப் போகும் பெயர் என்ன, வயது, எசமான் பெயர், எந்த ஊர், எப்படி வந்தாய், யாரை விட்டுவிட்டு வந்தாய். ரேஷன் கார்டு விண்ணப்பத்தில் கேட்பதுபோலத்தான். "சுதந்திரம் என்றால் உங்களுக்கு என்ன?" என்று அவர் யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை.

1850 ஆகஸ்டில் அலபாமாவிலிருந்து பீட்டர் என்று ஒருவர் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. தப்பி வந்தவர் இல்லை, சிறுகச் சிறுகச் சேர்த்துத் தன் விலையைத் தானே கொடுத்து வெளியே வந்தவர். சிறுவயதில் பிரிந்த அம்மாவைத் தேடுகிறார். ஊர் தெரியாது, குடும்பப் பெயர் தெரியாது. பழைய கறுப்பர் தேவாலயங்களில் ஓர் அறிவிப்பு வாசித்தால் யாருக்காவது நினைவு வராதா என்பதுதான் அவருடைய திட்டம். வழக்கம்போல ஸ்டில் குறிப்பெடுக்கிறார். அப்பா பெயர்? லெவின். அம்மா பெயர்? சிட்னி. உன்னோடு பிரிந்தவன்? அண்ணன், அவன் பெயரும் லெவின், அலபாமாவிலேயே செத்துவிட்டான்.

ஸ்டில்லின் அப்பா பெயர் லெவின். அம்மா, தான் தப்பி வருவதற்கு முன் சிட்னி என்ற பெயரில் இருந்தவர், பிடிபடாமல் இருக்கப் பெயரை மாற்றிக்கொண்டவர். முதல் முறை நான்கு பிள்ளைகளோடு ஓடிப் பிடிபட்டார். இரண்டாம் முறை நான்கையும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்று தெரிந்து, தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பையன்களை விட்டுவிட்டுப் பெண் குழந்தைகளோடு போனார். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த கடைசிப் பிள்ளை இப்போது மேசைக்கு இந்தப் பக்கம் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறது. எதிரில் இருப்பவர் அண்ணன்.

பீட்டர் நம்பவில்லை. நம்புவாரா? நாற்பது ஆண்டுகளாக வெள்ளையரும் பிறரும் ஏய்த்ததைப் பார்த்தவர். பெயரைச் சொன்னதும் "நான் உன் தம்பி" என்று ஒருவன் சொன்னால், பிடித்துக் கொடுக்கத் திட்டமிடுகிறானோ என்றுதான் தோன்றும். அம்மா நியூ ஜெர்சியில் உயிரோடு இருந்தார். போய்ப் பார்த்த பிறகுதான் சந்தேகம் போனது.

அன்றிலிருந்து ஸ்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்தார், இன்னொரு குடும்பம் இதே மாதிரி தேடி வரும் என்பதற்காக. அந்தக் காகிதங்கள் சிக்கினால் தப்பியவர்களும் அவரும் மாட்டுவார்கள். கல்லறைத் தோட்டத்துக் கட்டடம் ஒன்றில் ஒளித்து வைத்தார். போர் முடிந்தபின் 1872-ல் புத்தகமாக வந்தது.

டீச்சர், உங்கள் மாணவி சமையற்காரியிடம் கேட்டது ஸ்டில் கேட்கிற ரகம். முழு மதிப்பெண் போடுங்கள்.

பாதிக்கதை எழுதியது:

கதை எழுதுகிறவள் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு எரிச்சல். ஆவணத்தில் இருந்தால் மட்டும் பேசலாம் என்றால், ஆவணம் யாருக்கு இருக்கிறது? ஜெஃபர்சனுக்கு ஆயிரக்கணக்கான கடிதங்கள். அவருக்கு அடிமையாக இருந்து அவர் பிள்ளைகளைப் பெற்ற சாலி ஹெமிங்ஸ் எழுதிய ஒரு வரிகூட நம்மிடம் இல்லை. அவருடைய மகன் மேடிசன் ஹெமிங்ஸ் 1873-ல் ஓஹையோ பத்திரிகை ஒன்றுக்குச் சொன்னதிலிருந்துதான் ஜெஃபர்சனோடு அவர் பாரிஸில் இருந்தபோது நடந்தது கொஞ்சம் தெரியும். பிரான்சில் இருந்தவரை அவர் சுதந்திரம் கோரலாம். திரும்பி வந்தால் பிள்ளைகளை 21 வயதில் விடுவிப்பதாக ஜெஃபர்சன் வாக்குக் கொடுத்ததாக மகன் சொல்கிறார். அப்போது அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயதுதான். மாணவியைப் போல நானும் காலி இடம் விட்டால், மறுபடி ஜெஃபர்சன் மட்டும்தான் பேசிக்கொண்டிருப்பார். கற்பனையின் வேலையே அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஓய்வுபெற்ற நிருபர் எழுதியது:

கற்பனை செய்யுங்கள் அம்மா, யார் தடுத்தார்கள்? கதை என்று பெயர் போட்டுச் செய்யுங்கள். பேட்டி என்று பெயர் போட்டால் படிக்கிறவன் அவர் சொன்னதாக நம்பிவிடுவான். டப்மன் வாசகம் அப்படித்தானே பிறந்தது?

பாதிக்கதை எழுதியது:

ஒப்புக்கொள்ள மாட்டேன். 'கற்பனைப் பேட்டி' என்று தலைப்பிலேயே இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும்.

நூலகத்து எலி எழுதியது:

இடையில் ஒன்று. பேட்டி கொடுப்பவருக்கு மறுக்கவும் உரிமை உண்டு. 1927-லும் அடுத்த ஆண்டும் கறுப்பின எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன் அலபாமாவில் கொசோலா என்ற முதியவரைத் தேடிப் போனார். அமெரிக்காவில் குட்ஜோ லூயிஸ் என்று பெயர். அடிமைகளை இறக்குமதி செய்வது 1808-லேயே தடை செய்யப்பட்டும், 1860-ல் 'க்ளோடில்டா' கப்பலில் திருட்டுத்தனமாகக் கொண்டுவரப்பட்ட நூற்றுச் சொச்சம் பேரில் ஒருவர். ஆப்பிரிக்கப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் கண்ணீர் விட்டார். பீச் பழம், பன்றித் தொடைக்கறி, தர்பூசணி என்று ஒவ்வொரு முறையும் ஏதாவது கொண்டுபோக வேண்டும். சில நாட்கள் தேவாலயத்தைக் கூட்டிப் பெருக்க உதவிவிட்டு வந்தார், சில நாட்கள் தர்பூசணியைத் தின்றுவிட்டு வந்தார். தோட்ட வேலை இருக்கிறது, போய்விட்டு இன்னொரு நாள் வா என்று அவர் சொன்னால் ஹர்ஸ்டன் எழுந்து போனார். மனைவியையும் ஆறு பிள்ளைகளையும் புதைத்தவர் அவர். அந்தக் கையெழுத்துப் பிரதி 2018-ல்தான் அச்சேறியது.

பிள்ளைகளின் பேட்டிகளில் எல்லோரும் கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்கிறார்கள் பாருங்கள், அது எனக்கு உறுத்துகிறது.

வாய்க்கால் கரை எழுதியது:

நான் அடிமைகளை விட்டுவிட்டு எசமான்களைத்தான் கேட்பேன். பாதிக்கப்பட்டவரையே திரும்பத் திரும்ப உட்கார வைத்து "வலித்ததா?" என்று கேட்பதில் என்ன இருக்கிறது? அடித்தவனைக் கேளுங்கள்.

ஜான் நியூட்டன். உலகப் புகழ் பெற்ற கிறிஸ்தவப் பாடலை எழுதிய பாதிரியார். புயலில் தப்பி மனம் திரும்பியது 1748. அதற்குப் பிறகுதான், 1750 முதல் 1754 வரை, அடிமைக் கப்பல்களுக்குக் கேப்டனாக மூன்று பயணம் போனார். கப்பல் நாட்குறிப்பில், கலகம் செய்யத் திட்டமிட்டதாகச் சந்தேகித்த பையன்களின் விரல்களை நசுக்குத் திருகில் மாட்டி உண்மையை வரவழைத்ததை எழுதி வைத்திருக்கிறார். கடலை விட்டது மனசாட்சியால் இல்லை, உடம்புக்கு வந்த நோயால். அடிமை வணிகத்தை எதிர்த்து அவர் துண்டுநூல் வெளியிட்டது 1788. நடுவில் 34 ஆண்டுகள். "அத்தனை ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களில் ஏன் ஐயா வாய் திறக்கவில்லை?" அவ்வளவுதான் என் பேட்டி.

கணக்குப்பிள்ளை எழுதியது:

வாய்க்கால் கரையும் நானும் முதல் முறையாக ஒத்துப்போகிறோம், தேதியைக் குறித்து வைக்கவும்.

எசமானைக் கேட்ட அடிமை ஒருவர் உண்டு, மறுபடி டக்ளஸ். 1877-ல் மேரிலாந்தின் செயின்ட் மைக்கேல்ஸ் ஊருக்குப் போனார். பழைய எசமான் தாமஸ் ஆல்ட் எண்பது தாண்டி, பக்கவாத நடுக்கத்தோடு மரணப் படுக்கையில். டக்ளஸ் அப்போது தலைநகர் வாஷிங்டனின் மார்ஷல், பெரிய பதவி. ஆல்ட் அவரை "மார்ஷல் டக்ளஸ்" என்று அழைத்தார். உங்களுக்கு நான் பழைய பிரடெரிக்தான் என்றார் இவர். இருவரும் அழுதார்கள்.

பிறகு கேள்விகள். நான் ஓடிப்போனபோது என்ன நினைத்தீர்கள்? நீ அடிமையாக இருக்க முடியாத அளவு கெட்டிக்காரன் என்று தெரியும், உன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்றார் ஆல்ட். கிழவியான பாட்டியை நீங்கள் காட்டில் சாகவிட்டதாக எழுதியிருந்தேனே? அவள் எனக்குச் சொந்தமாக இருந்ததே இல்லை, தெரிந்ததும் இங்கே கூட்டி வந்து பார்த்துக்கொண்டேன் என்றார். டக்ளஸ் தன் குற்றச்சாட்டு தவறு என்று அங்கேயே சொன்னார். கடைசியாக, நான் எப்போது பிறந்தேன்? சிறு பையனாக இருந்தபோது இதைக் கேட்டால் அதிகப்பிரசங்கி என்று பெயர். தன் வயதைத் தெரிந்துகொள்ள 59 வயதில் எசமான் வீட்டுக் கட்டிலருகே நிற்க வேண்டியிருந்தது. 1818 என்றார் ஆல்ட். மொத்தம் சுமார் 20 நிமிடம்.

இதற்காக அன்றைக்கு டக்ளஸைத் திட்டியவர்களும் உண்டு, கொடுமைக்காரனைப் போய்ப் பார்த்து ஏன் கண்ணீர் விட்டாய் என்று.

தேரிக்காட்டான் எழுதியது:

நானும் திட்டியிருப்பேன். சாகும் நேரத்தில் "நானும் அதைத்தான் செய்திருப்பேன்" என்பதற்கு என்ன செலவு? அந்த வீட்டில் பட்டினி போட்டதையும், பையனை அடக்க கோவி என்ற முரடனிடம் ஒப்படைத்ததையும் டக்ளஸ் ஏன் கேட்கவில்லை? நான் பேட்டி எடுப்பதாக இருந்தால் ஆல்டை விட்டுவிட்டு, அறையை விட்டு வெளியே வந்த டக்ளஸைக் கேட்பேன், உள்ளே எதைக் கேட்காமல் வந்தீர்கள் என்று.

பாதிக்கதை எழுதியது:

பாருங்கள், இதற்கு ஆவணம் இல்லை. தேரிக்காட்டான் கற்பனைப் பேட்டி எழுதத் தொடங்கிவிட்டார்!

வரலாறு டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இப்படிச் செய்யலாம் என்றிருக்கிறேன். லிங்கன் தாள்களைத் திருப்பிக் கொடுத்து, ஒவ்வொருவரும் ஒரு தேதியையும் ஒரு தொகையையும் வைத்துக்கொண்டு மறுபடி கேட்க வேண்டும். பதில் ஆவணத்திலிருந்து வந்தால் நீல மையில், தாங்களே எழுதினால் பச்சை மையில். நிருபர் ஐயாவும் பாதிக்கதை அவர்களும் சண்டையை நிறுத்தலாம். சூசன் ஹாம்லின் பேட்டி இரண்டையும் இரண்டு மாணவிகள் வகுப்பில் வாசிக்கப் போகிறார்கள், நான் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். பேட்டி எடுத்த ஆட்கள் அவர் பேச்சைக் கொச்சையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தால் எனக்குக் கோபம் வரும், ஆகவே சாதாரண நடையிலேயே எழுதப் போகிறேன். அந்தச் சமையற்காரி தாளுக்குப் பத்துக்குப் பத்து போட்டாயிற்று, மற்ற பிள்ளைகள் முறைக்கிறார்கள்.

எலி அண்ணா, அந்த இரண்டு பேட்டியும் எந்தத் தொகுதியில் இருக்கின்றன?

நூலகத்து எலி எழுதியது:

தென் கரோலினா, 14ஆம் தொகுதி. ஓரிடத்தில் ஹாம்லின் என்றும் இன்னோரிடத்தில் ஹாமில்டன் என்றும் இருக்கும், குழம்ப வேண்டாம். பச்சை மை யோசனை நன்றாக இருக்கிறது. சுவரில் ஒட்டியதும் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள்.

காலைக்கதிரவன் எழுதியது:

டப்மன் வாசகத்தை அனுப்பிய குழுவில் கணக்குப்பிள்ளை ஐயாவின் பதிவை அப்படியே போட்டேன். என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.